காற்று மாசு உரிமம்: விரைவு ஆய்வா, நிதான ஆய்வா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெற்கில், மெரிபேங்க் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலிக்கு அருகிலேயே வாழ்ந்தவை. அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்று ஆய்வு காட்டியது. ஆலைகள் காற்றில் புகை விட உரிமம் கேட்கும்போது, விண்ணப்பத்தை ஆராய்ந்து உரிமம் தருவதில் வேகம் வேண்டுமா என்று கேட்டால், எனக்கு முதலில் அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

விரைவு ஆய்வில் நிறுவனத்துக்கு வட்டிச் செலவு மிச்சம், வேலைகளும் சீக்கிரம் வரும். ஆனால் புகை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவும் என்ற கணக்கைச் சரிபார்க்கத் தேர்ந்த பொறியாளர்கள் வேண்டும். ஆளைக் கூட்டாமல் நாளை மட்டும் குறைத்தால், விண்ணப்பதாரர் தந்த கணக்கே முடிவாகிவிடும். தவறினால் அந்தச் செலவு இன்ஹேலராகவும் மருத்துவமனை வரிசையாகவும் நம் வீட்டுக்கு வரும். 2004ஆம் ஆண்டுக் காற்றுத்தரச் சட்டம் விண்ணப்பத்தைச் செய்தித்தாள்களில் அறிவிக்கச் சொல்கிறது. வேலைக்குப் போய்வரும் மக்கள் அதைப் படித்து, விவரம் கேட்டு, ஆட்சேபம் எழுத அவகாசம் வேண்டாமா?

நிதான ஆய்விலும் நஷ்டம் உண்டு. புதிய வடிகட்டி பொருத்த அனுமதி தாமதமானால், பழைய புகைபோக்கி அதுவரை கக்கிக்கொண்டே இருக்கும். மாசைக் குறைக்கும் மாற்றங்களுக்கு மட்டும் விரைவு வழி கொடுக்கலாம். புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் நிதானமே சரி. கூடுதல் ஆய்வாளர்களுக்கான சம்பளத்தை விண்ணப்பக் கட்டணத்திலேயே வசூலிக்கட்டும்.