"எல்லாம் பதினெட்டு இன்ச்தான்" என்று சொல்லும் டயர் கடையில் உஷார்

வடசென்னைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாய் வீல் மாற்றியவர்களும், மாற்றப்போகிறவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக, முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் அகலமாக இருக்கும் ஸ்டேகர்ட் செட் போட்டிருப்பவர்கள். நான் கேட்ட சைஸ் ஒன்று, கடையில் மாட்டிய சைஸ் வேறு. அதற்கு என்னிடம் வாங்கியது எண்பதாயிரத்துக்கு மேல்.

வண்டி பிஎம்டபிள்யூ இசட்4, இ89 மாடல், செகண்ட் ஹேண்ட். இதற்குக் கம்பெனியிலேயே 18 இன்ச் வீலில் முன்னால் 225/40, பின்னால் 255/35 டயர் வரும். நான் வெளியில் வாங்கிப் போட்ட அலாயும் 18 இன்ச்தான். முன்னால் 8 இன்ச் அகலம், பின்னால் 9. அதனால் அதே டயர் சைஸைக் கேட்டேன், வாட்ஸ்அப்பிலும் தெளிவாக எழுதி அனுப்பினேன். "ஸ்டாக் இருக்குண்ணா, வண்டிய எடுத்துட்டு வாங்க" என்று பதில் வந்தது.

மாட்டிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறியதுமே மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் சிஸ்டத்தின் எச்சரிக்கை அது. போன் போட்டால், "புது டயருண்ணா, கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர். விளக்கு அணையவே இல்லை. காசிமேடு தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்பக்கம் டயர் உள்ளே உரசும் சத்தமும் கேட்டது.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். குனிந்து பின் டயரைப் படித்தவர், "தம்பி, இது 35 இல்ல, 40" என்றார். அப்புறம் ஒரு சாக்பீஸ் எடுத்து முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார், அதற்கு நேராகத் தரையிலும் கோடு. வண்டியை நேராகத் தள்ளி, ஒவ்வொரு சக்கரமும் ஒரு முழுச்சுற்று முடிந்த இடத்தில் மறுபடி குறித்து டேப் வைத்து அளந்தார். பின்சக்கரம் ஏழு சென்டிமீட்டர் அதிகம் போயிருந்தது. டயர் மாட்டிய அன்றே எவரும் வீட்டு வாசலில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

கணக்கு இதுதான். 225/40 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 180; 18 இன்ச் ரிம் 457. மொத்த உயரம் சுமார் 637. பின்னால் 255/35 போட்டால் 636 வரும், கிட்டத்தட்ட சமம். 255/40 போட்டால் 661! முன்சக்கரத்தைவிட 24 மில்லிமீட்டர் பெரிசு. ஒரு கிலோமீட்டருக்குள் பின்சக்கரம் பதினெட்டு சுற்று குறைவாகச் சுற்றும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அந்த வழுக்கல் சிஸ்டமும் நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. நேர் ரோட்டிலேயே முன்னும் பின்னும் வேறு வேகம் காட்டினால் வண்டி எதை நம்பும்? மழையில் நனைந்த ரோட்டில், பக்கத்தில் கன்டெய்னர் லாரி போகும்போது, இது உயிர் விஷயம்.

அகலம் கூடும்போது சாய்கோட்டுக்கு அடுத்து வரும் சதவீத எண் குறைந்தாக வேண்டும். ஸ்டேகர்ட் செட்டுக்கு டயர் எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "35 வரல, அதான் 40 போட்டோம். இன்னாண்ணா, ரெண்டும் பதினெட்டுதானே? ரிம்ல கரெக்டா ஒக்காந்துச்சா இல்லியா?" என்றார். ஏமாற்று வேலையே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 9 இன்ச் ரிம்மில் 255/40 ஒழுங்காக உட்காரும்தான், வண்டிக்குத்தான் ஒத்துவராது. சமாதானமாக, "அஞ்சாயிரம் கிலோமீட்டர்ல வாங்க, முன்ன பின்ன மாத்திப் போட்டுத் தரேன்" என்று வேறு சொன்னார். முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் உள்ள வண்டியில் எப்படி மாற்றுவது? சாதா காருக்குச் சொல்லும் வசனத்தை அப்படியே எனக்கும் ஒப்பித்தார்.

அதோடு முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பின் டயரில் தயாரிப்பு எண் 1119. DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் அது. 2019-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். நான் வாங்கியது 2024 கடைசியில். இன்னொரு பின் டயரின் ஆண்டோ வேறு. ஜோடிகூட இல்லை! முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டார்கள்.

"ரோட்ல ஓடின டயர வாபஸ் எடுக்க முடியாது" என்பதுதான் கடைசிப் பதில். பில்லில் "18 இன்ச் டயர் - 4" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இப்போது என் கையில் வலுவாக இருப்பது அந்த வாட்ஸ்அப் மெசேஜும் போட்டோக்களும்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதற்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

நீங்கள் போகும்போது டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நாலு டயரிலும் சைஸையும் தயாரிப்பு எண்ணையும் போட்டோ எடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் முன் ஜோடி, பின் ஜோடி என்று சைஸைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

19 இன்ச் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இதே வண்டியில் 225/35, 255/30 என்று வரும். மொத்த உயரம் முன்னால் 640, பின்னால் 636, பொருந்தும். ஆனால் பின்னால் பக்கச்சுவர் வெறும் 76 மில்லிமீட்டர்தான். மணலிப் பக்கம் லாரி ஓடி ஓடிக் குழியான ரோட்டில் அது ரிம்மைக் காப்பாற்றாது. வேறு கடையில் 255/35 வாங்கி மாட்டியதும் விளக்கு அணைந்தது, உரசலும் நின்றது. நான் 18-லேயே இருந்துகொள்கிறேன்.