22 ஆண்டுகளாகக் கிளை நூலக உறுப்பினர்: என் அனுபவம்

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில், அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகத்தில் சேர்ந்தேன். 22 ஆண்டு ஆகிவிட்டது. நடுவில் படிப்புக்காக மூன்று ஆண்டு வெளியூர், மற்றபடி விடாமல் போய்வருகிறேன். மிக்ஸிக்கும் செல்போனுக்கும் அனுபவம் எழுதுகிறோம், இதற்கும் எழுதலாமே என்று தோன்றியது.

முதலில் நேரம். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை மறந்துபோய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதற்குக் கணக்கே இல்லை. காலையில் நாளிதழ் மேசையில் இடம் பிடிப்பது கஷ்டம். ஒரே பேப்பரை நாலு தாளாகப் பிரித்து நாலு பெரியவர்கள் படிப்பார்கள். குறுக்கெழுத்தைப் பேனாவாலேயே நிரப்பிவைக்கும் ஒருவர் உண்டு. யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

பதினொரு மணிக்கு மேல் போட்டித் தேர்வுப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் நாற்காலி கிடைக்காது. அவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதுகூட இல்லை. சொந்தப் புத்தகம், சொந்த நோட்டு, தண்ணீர் பாட்டில். இவர்களுக்கு எதற்கு இங்கே இடம் என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு நாள் சொன்னாள்: "வீட்ல ஒரே ரூம்தாண்ணே, டிவி ஓடிட்டே இருக்கும்." அப்புறம் முணுமுணுப்பதில்லை.

புத்தகங்களைப் பற்றி. பழைய நாவல்களுக்குக் குறைவில்லை, காலிகோ அட்டை போட்டுத் தைத்து வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தாலே ஒரு புத்தகத்தின் ஜாதகம் தெரிந்துவிடும்: ஒரு கோடையில் வாரம் தவறாமல் முத்திரை, பிறகு ஒன்பது ஆண்டு வெறுமை. ஒரு துப்பறியும் நாவலில் கடைசி நான்கு பக்கம் கிழிந்துபோயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் உள் அட்டையில் பென்சிலால் முடிவை ஆறு வரியில் எழுதிவைத்திருந்தார். கொலையாளி யார் என்பதோடு, "ஆனால் நம்ப முடியவில்லை" என்று தன் கருத்தையும் சேர்த்திருந்தார். புது வரவுதான் பலவீனம். கட்டுக் கட்டாக மேலிருந்து வரும்; நாம் தேடுவது அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

இத்தனை ஆண்டும் நூலகரிடம் நான் பேசியது ஏதோ கடன் கேட்பவனைப் போலத்தான். வீட்டு வரி கட்டும் வேலை என் தலையில் விழுந்தபோது அது மாறியது. ரசீதில் தனியாக ஒரு வரி: நூலக வரி. விசாரித்தால், தமிழ்நாட்டில் சொத்து வரியோடு அதில் 10 சதவீதம் நூலகத்துக்கென்று சேர்த்து வசூலிக்கிறார்களாம். 1948இல் அன்றைய சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டு நடையாய் நடந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஐந்தில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அதைப் படித்ததும் ரோஷம் வந்துவிட்டது. வரி கட்டுகிறேன், எனக்கான புத்தகம் எங்கே?

மறுநாள் போய், வாசகர் பரிந்துரை எழுத நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் சற்று யோசித்து, பீரோ அடித்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். கடைசியாக எழுதியவர் ஏழு ஆண்டுக்கு முன் எழுதியிருந்தார். நான் ஆறு புத்தகம் எழுதினேன். ஒன்றரை ஆண்டில் இரண்டு வந்தன. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

பெரிய குறை கழிப்பறை. வாசகர்களுக்கென்று ஒன்று கிடையாது. படிக்க வரும் பெண்கள் மதியத்தோடு கிளம்பிவிடுவதற்கு இதுதான் காரணம், சோம்பல் இல்லை. நோட்டில் மூன்று முறை எழுதினேன். வாசகர் வட்டத்திலும் சொல்லி மனு கொடுத்தோம். கட்டடத்தை அளந்துகொண்டு போனார்கள், அவ்வளவுதான். மழைக்கு ஒழுகும் மூலை இன்னும் ஒழுகுகிறது. அங்கே இருந்த கவிதை அலமாரியை மட்டும் நகர்த்திவிட்டார்கள்.

சரி, சேரலாமா? உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள், அநேகமாக ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். உறுப்பினராகக் கூடுதலாகக் கேட்பது சொற்பத் தொகை.

போன மாதம் நோட்டைத் திருப்பினேன். என் மூன்றாவது கழிப்பறைக் கோரிக்கைக்குக் கீழே, பச்சை மையில் குண்டு குண்டாக வேறொரு கையெழுத்து: "எனக்கும் வேண்டும். ஜன்னல் பக்கத்து ஃபேன் சத்தம் போடுகிறது, அதையும் பார்க்கவும்."