விழுப்புரம் போக: கிளாம்பாக்கம் பஸ்ஸா, எழும்பூர் ரயிலா?

சென்னை திருமங்கலத்தில் குடியிருக்கும் எங்களுக்கு 2023 டிசம்பர் வரை இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஆட்டோ பிடித்துக் கோயம்பேடு போனால் விழுப்புரம் பஸ் நிற்கும். அந்த பஸ்களெல்லாம் 30 கிலோமீட்டர் தள்ளி கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, மாதம் ஒருமுறை அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போக இரண்டு வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இப்போது ரயில்தான்.

பஸ்ஸின் வசதி தெரிந்ததே. முன்பதிவு வேண்டாம், ஒன்றை விட்டால் அடுத்தது. கிளாம்பாக்கம் நிலையமும் நல்ல விசாலம். ரயிலென்றால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும், டிக்கெட்டை முன்னாடியே எடுத்துவைக்க வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது கிளாம்பாக்கம் வரை போகும் அந்த டவுன் பஸ் பயணம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. வெள்ளை போர்டு பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் முன்னால் வரும் டீலக்ஸை விட்டுவிட்டு அதற்காகவே நிற்பார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். அப்புறம் ஒன்றரை மணி நேரம், நடுவில் பாத்ரூம் போக வழியில்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பியிருக்கிறார். கூடவே போகும் எனக்கே இது தெரிய மூன்று பயணம் ஆயிற்று. கொண்டுபோன பாட்டில் அப்படியே நிறைந்திருந்தபோதுதான் கேட்டேன். நிலையத்தை இடம் மாற்றத் திட்டம் போடுகிறவர்கள் நேரத்தையும் கட்டணத்தையும் கணக்கிடும்போது இந்தப் பாட்டிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எழும்பூருக்கு மெட்ரோ 2018-லேயே வந்துவிட்டது. திருமங்கலத்தில் ஏறினால் நேராக எழும்பூர். லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கிறது. அங்கிருந்து போகும் விழுப்புரம் ரயிலுக்குள் கழிப்பறை இருப்பதால் அம்மா இப்போது காபியும் குடித்துவிட்டுத்தான் வருகிறார்.

திரும்பும்போதும் இதே கதை. பஸ்ஸில் அதிகாலை மூன்று மணிக்கு இறங்கினால் வீடு போய்ச் சேர்வது தனிப் பயணம். மெட்ரோவே ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். இரவு ஒன்பதுக்குள் எழும்பூர் வரும் ரயிலாகப் பார்த்து எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் நாங்கள் இரண்டிலும் போனதில்லை. முன்பதிவு கிடைக்காத அந்த நாட்களில் பஸ்தான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கிளாம்பாக்கம் வீட்டு வாசல் மாதிரி.