52-இலிருந்து 27 போனால்: தனி டேப்லெட், பொதுத் திரை, கரும்பலகை

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் நாலைந்து பேராவது 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது சுலபம். ஆனால் அந்தக் குழந்தை கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. 7-இலிருந்து 2 போகும், ஆகவே 5. பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போனால் 3. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த விதியை அது சிரத்தையாகக் கடைப்பிடித்திருக்கிறது. அநேகமாக அந்த யாரோ நான்தான்.

தொடக்கப்பள்ளியில் தொழில்நுட்பம் வேண்டுமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு இந்த 35 நினைவுக்கு வந்துவிடும். குழந்தைக்கு ஒரு டேப்லெட், வகுப்புக்கு ஒரு பெரிய திரை, பழையபடி கரும்பலகையும் நோட்டும். இந்த மூன்றில் எது மேல் என்று கேட்பவர்கள் செலவு, வேகம், பிள்ளைகளின் உற்சாகம் ஆகியவற்றை வைத்துத் தராசு பிடிக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் இந்த 35-க்கு என்ன நேர்கிறது? யார் கண்ணில் படுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது?

டேப்லெட்டில் அது நிற்பதே இல்லை. தொட்டவுடன் ஒரு ஒலி, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது முயற்சி, பிறகு ஒரு குறிப்பு, மூன்றாவதில் 25 வந்துவிட்டால் திரையில் நட்சத்திரம் பறக்கிறது. மாலையில் ஆசிரியர் திறந்து பார்க்கும் பக்கத்தில் “கழித்தல்: 80 சதவீதம்” என்று பச்சைப் பட்டை இருக்கும். 35 ஆவியாகிப் போயிருக்கும். எல்லாச் செயலிகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். தவறான விடைகளைச் சேர்த்து வைத்துக் காட்டுபவையும் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவை சொடுக்கி உள்ளே போய்ப் பார்க்கும் ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. நானே போனதில்லை, பச்சைப் பட்டையைப் பார்த்தவுடன் மனம் சமாதானமாகிவிடுகிறது.

டேப்லெட்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1953-இல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் போய் உட்கார்ந்தார். முடித்துவிட்ட பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், முடியாதவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள், செய்தது சரியா என்று யாருக்கும் அப்போதே தெரியவில்லை, மறுநாள் நோட்டு திரும்பி வந்தால்தான் தெரியும். அந்த எரிச்சலில் உருவானதுதான் அவருடைய கற்பிக்கும் இயந்திரம். அடுத்த ஆண்டே அதைப் பொதுவில் இயக்கிக் காட்டினார். இன்றைய கணக்குச் செயலி ஒவ்வொன்றும் அந்தப் பெட்டியின் பேரன். உடனடி விடை, அவரவர் வேகம் என்ற இரண்டு வாக்குறுதிகளும் இன்றுவரை மாறவில்லை. இரண்டும் நியாயமானவை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் தனி ஆளாகத் தர எந்த ஆசிரியராலும் முடியாது.

ஆனால் உடனடி விடை குழந்தைக்கு எதைக் கற்பிக்கிறது என்பது வேறு கதை. ஒரு பையன் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் பயிற்சியில் பத்துக் கணக்குகளை இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தான், பெரும்பாலும் சரியாக. பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். “நாலு விடையிலே ரெண்டு ஒரே ஜாடையா இருக்கும் சார். அதிலே ஒண்ணைத் தொட்டா போதும். தப்புன்னா மத்தது” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. கழித்தலைக் கற்கவில்லை, ஆனால் கேள்வி தயாரித்தவரின் மனத்தைப் படிக்கக் கற்றிருந்தான். 25-க்குப் பக்கத்தில் 35-ஐயோ 24-ஐயோ வைத்து ஏமாற்றப் பார்ப்பவர் தன்னை அறியாமல் விடையைக் காட்டிக்கொடுக்கிறார் என்பதை எட்டு வயதில் கண்டுபிடித்துவிட்டான்.

இது புதிதும் அல்ல, கணினிக்கே உரியதும் அல்ல. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பென்னி என்று அவனுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பள்ளியில் ஒவ்வொருவரும் தனித்தனித் தாள்களை அவரவர் வேகத்தில் செய்து, விடைத்தாளோடு ஒப்பிட்டு மேலே போகும் முறை. பென்னி நன்றாகத் தேறிக்கொண்டிருந்தான். பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பத்தில் இரண்டைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் 12, நடுவில் புள்ளி வைத்தால் முடிந்தது. விடைத்தாளில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதே அவனுக்குக் கணக்கு. டேப்லெட் பரவுவதற்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, டேப்லெட்டின் நோய் காகிதத்தில் தாக்கியிருக்கிறது. மேலே போகலாம் என்று மதிப்பெண் சொன்னது; உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

சரி, கருவி கொடுத்தால் மதிப்பெண்ணாவது ஏறுகிறதா? பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளிவந்த முடிவு: கணினிகள் வந்து சேர்ந்தன, பயன்பாடு கூடியது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, வீண்” என்று சொல்பவர்கள் வடோதராவை மறந்துவிடக் கூடாது. அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து கணக்கு விளையாட்டுகள் ஆடினார்கள். மதிப்பெண்கள் நன்றாகவே ஏறின. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது, 2007-இல் வெளியானது.

அதே ஆய்வுக் குழுவில் இருந்த லீ லிண்டன் அடுத்து குஜராத்தில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மென்பொருளில் மாற்றமில்லை, அதை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஆசிரியரின் பாட நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இன்னொரு பக்கம் பாடம் முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தார்கள், அவர்கள் முன்னேறினார்கள். எந்தச் செயலி நல்லது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். வடோதராவில் இருவராக உட்கார்ந்ததையும் நான் சிக்கனமாக மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் 35 என்று தொடுவதற்கு முன் “ஏன்?” என்று கேட்க ஒரு வாய் இருக்கிறது.

எழுத்து பழகுவதில் என் பக்கச் சாய்வை மறைக்கவில்லை. ‘ண’ எழுதக் கற்கும் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? சுழி போடும்போது நாக்கு வெளியே வந்துவிடும். மூன்று சுழியில் ஒன்று குறையும், ‘ன’ ஆகிவிடும். அழித்தால் தாள் கிழியும். திரையில் புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டினால் போதும், அழகான ‘ண’ வந்துவிடும். எங்கிருந்து தொடங்கினாலும், நடுவில் விரலை எடுத்து வைத்தாலும் சில செயலிகள் பாராட்டுகின்றன. 2012-இல் கரின் ஜேம்ஸ் என்பவரின் ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று படமெடுத்தார்கள். வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டது, பார்த்துத் தானாகக் கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான். காரணமாக அவர் ஊகிப்பது சுவையானது: குழந்தை எழுதும் கோணல்மாணலான எழுத்து ஒவ்வொன்றும் வெவ்வேறாக இருக்கிறது, அத்தனை கோணலையும் ஒரே எழுத்தாகக் காணப் பழகுவதே அந்த எழுத்தை அறிவது. அப்படியானால் கோணலைத் தடுத்துவிடும் புள்ளிக்கோடு உதவியைப் போல வந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள்.

கதை வாசிப்பில் இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியாது. ஒன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, ஒரே கதையைத் திரையில் படிப்பதைவிட அச்சில் படிக்கும்போது சற்றுக் கூடுதலாகப் புரிகிறது. ஆனால் கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் சேர்ந்திருந்தால் திரை முந்திவிடுகிறது. தொட்டால் துள்ளும் தவளை கதைக்குள் இருக்கிறதா, கதையை நிறுத்திவிட்டுத் துள்ளுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இனிப் பெரிய திரை. புரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ, வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாததைக் கொண்டுவருவதில் அதற்கு நிகர் இல்லை. எரிமலை, திமிங்கலத்தின் குரல், பட்டாம்பூச்சி கூட்டை உடைத்துக்கொண்டு வருவது. கரும்பலகையில் நான் வரைந்த திமிங்கலத்தைப் பிள்ளைகள் கெண்டை மீன் என்றார்கள். ஆனால் இங்கே 35 பிறப்பதே இல்லை. படம் ஓடுகிறது, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது போன்ற அமைதி.

அந்த அமைதி ஒருமுறை என்னை ஏமாற்றியது. விதை முளைப்பதைப் பத்து நாள் படம்பிடித்து நாற்பது விநாடியில் ஓடவிட்ட காட்சியைக் காட்டினேன். ஒரே கைத்தட்டல். அன்று மதியமே சின்னக் குவளைகளில் அவரை விதை ஊன்றினோம். மறுநாள் காலை பாதிக் குவளைகள் கிளறப்பட்டிருந்தன. “இன்னும் வரலை சார், கெட்டுப்போச்சு” என்றாள் ஒரு சிறுமி, விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. காலத்தைச் சுருக்கிக் காட்டினோம் என்பதை நான் சொல்லவே இல்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. குவளையில் மண்ணைக் கிளறியிருக்காவிட்டால் அந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது.

கரும்பலகைக்கு வந்தால், அதன் ரசிகர்கள் மிகைப்படுத்துகிறார்கள். சாக்பீஸ் தூளுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. வகுப்பே சேர்ந்து வாய்பாடு ஒப்பிக்கும்போது பின்வரிசையில் சிலர் உதட்டை மட்டும் அசைப்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஒருவரைப் பலகைக்கு அழைத்தால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கு ஓய்வு. நாற்பது நோட்டுகளைத் திருத்தி முடிக்கும்போது இருட்டிவிடும். ஸ்கின்னர் கண்ட குறை அப்படியே நிற்கிறது. 2023-இல் சுவீடன் சிறு குழந்தைகளின் கல்வியில் டிஜிட்டல் கருவிகளைப் பின்னுக்குத் தள்ளி அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்ப முடிவெடுத்தபோது பலர் வெற்றி முழக்கமிட்டார்கள். புத்தகம் திரும்பி வந்தால் மகிழ்ச்சிதான். உதட்டசைப்பும் கூடவே திரும்பிவிடக் கூடாது. இருந்தாலும் நோட்டுக்கு ஒரு குணம் உண்டு: எழுதிய 35 எழுதிய இடத்திலேயே இருக்கும். அழித்தாலும் தடம் தெரியும். மேலே சின்னதாக எழுதி அடித்த 4, விரல்விட்டு எண்ணியதற்குச் சாட்சியான புள்ளிகள், எல்லாம் ஓரத்தில் கிடக்கும். அதைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு எந்த அறிக்கைப் பக்கமும் ஈடாகாது.

அந்தக் கண்ணைப் பழக்கவே கணினியைப் பயன்படுத்தியவர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகள் கழித்தலில் செய்யும் பிழைகளை ஒழுங்கான விதிகளாக வகைப்படுத்தினார்கள். நம்முடைய 35-உம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களுடைய மென்பொருளில் கணினி, தவறான விதியைப் பின்பற்றும் மாணவனாக நடிக்கும். ஆசிரியர் புதுப்புதுக் கணக்குகள் கொடுத்து, அவன் எந்த விதியைப் பின்பற்றுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். கருவி ஆசிரியரின் கையில், குழந்தையின் பிழை மேசை நடுவில். இவ்வளவு காலம் கழித்தும் இந்தத் திசையில் செலவிட அதிகம் பேருக்கு மனமில்லை. பறக்கும் நட்சத்திரங்களுக்குத்தான் பணம் போகிறது.

ஒரே ஒரு கருவி வாங்க அனுமதி என்றால் நான் கேட்பது, மேசை மேல் நோட்டை வைத்தால் அதைப் பெரிய திரையில் காட்டும் கேமரா. பெரிய திரையின் கவர்ச்சியும் நோட்டின் நேர்மையும் அதில் சேர்கின்றன. ஆபத்தும் உண்டு, ஒரு குழந்தையின் தவறை நாற்பது பேர் முன் விரித்து வைத்தால் அது அந்தக் குழந்தையைச் சுருங்க வைத்துவிடும். அதனால் முதல் நாள் என் கையால் ஒரு 35 எழுதி வைத்தேன். “தப்பு” என்று கத்தினார்கள். தப்பு என்று சொல்ல வேண்டாம், இதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லுங்கள் என்றேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெண், “ரெண்டிலே ஏழு போகலை. அதனாலே திருப்பிப் போட்டுட்டாங்க” என்றாள். வேறு ஒருவன் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை எடுத்துவந்து, ஐந்து கட்டில் ஒன்றை அவிழ்த்துக் காட்டினான். பாதி வகுப்பு தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை என் மேசையில் ஏழு நோட்டுகள் திறந்தபடி இருந்தன. ஒவ்வொருவருக்கும் தன் தப்பு திரையில் வர வேண்டும். ஆறில் காரணம் இருந்தது. ஏழாவது, அந்த நான்கு விடைப் பையனுடையது. 52-இலிருந்து 27 போனால் 91 என்று எழுதியிருந்தான். எப்படிடா வந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு எழுதினேன் சார்” என்றான்.