டக்டஸில் ஸ்டென்ட்டா, பிடி ஷன்ட்டா?

நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை அடைபட்டுப் பிறக்கும் குழந்தை, மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் டக்டஸ் என்ற சிறு குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. பிறந்த சில நாளில் அது தானாக மூடத் தொடங்கும். புரோஸ்டாகிளாண்டின் சொட்டு அதைத் திறந்து வைக்கும். ஆனால் மூச்சு நின்றுபோகக்கூடும் என்பதால் அந்த மருந்தோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது. அடுத்த அறுவைக்கு ஏற்ற வளர்ச்சி வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இரண்டு வழிகள்: ரத்தக்குழாய் வழியே போய் டக்டஸுக்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து அதைத் திறந்து வைப்பது, அல்லது பிடி ஷன்ட் என்ற மாற்றுப் பாதையை அறுவையால் அமைப்பது.

பிடி (BT, பிளேலாக்-டவுசிக்) ஷன்ட், 1944இல் தொடங்கிய அறுவையின் இன்றைய வடிவம். மார்பைத் திறந்து, கைக்குப் போகும் தமனியின் பக்கமிருந்து நுரையீரல் தமனிக்குச் சுமார் 3.5 மி.மீ. கோர்-டெக்ஸ் (Gore-Tex) என்ற செயற்கைக் குழாயைத் தைப்பார்கள். நன்கு பழகிய வழி. ஆனால் நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்து டயஸ்டாலிக் அழுத்தம் (இதயம் தளரும்போதுள்ள ரத்த அழுத்தம்) சரிந்தால் இதயத்துக்கே ரத்தம் குறையும். தைத்த இடத்தில் தமனி இழுபட்டு ஒருபக்கம் சுருங்குவதும் உண்டு.

டக்டஸின் வடிவம் ஒத்துவந்தால் ஸ்டென்ட்டே மேல் என்பது என் கருத்து. மார்பைத் திறக்க வேண்டாம். ஐசியூ நாட்கள் குறைவதையும், நுரையீரல் தமனிகள் இருபக்கமும் சீராக வளர்வதையும் 2018இல் வந்த ஒப்பீடுகள் காட்டின. அவை பழைய பதிவுகளைப் பார்த்துச் செய்தவை. எந்தக் குழந்தைக்கு எது என்று மருத்துவர்களே முன்கூட்டித் தேர்ந்திருந்ததால், அந்த முடிவுகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

ஸ்டென்ட்டின் வெற்றி அதன் நீளத்தில் இருக்கிறது. நுரையீரல் தமனியோடு சேரும் முனையில் 1 மி.மீ. டக்டஸை ஸ்டென்ட் மூடாமல் விட்டாலும் அந்த டக்டஸ் திசு சுருங்கி வழியை அடைத்துவிடும். வளைந்த டக்டஸுக்குள் ஸ்டென்ட்டுக்கு வழிகாட்டும் ஒயர் போனதும் அது நிமிர்ந்து நீளம் மாறுகிறது. அதனால் ஒயர் உள்ளே இருக்கும்போதே மறுபடி அளக்க வேண்டும். மிஞ்சிய நீளம் நுரையீரல் தமனிக்குள் நீண்டால் ஒரு கிளையின் வாயை மறைக்கும். புரோஸ்டாகிளாண்டினைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவதற்கும் காரணம் உண்டு: டக்டஸ் சற்றே சுருங்கினால்தான் ஸ்டென்ட் பிடித்து நிற்கும், இல்லையேல் நழுவிவிடும். மேல்நோக்கி எழும் செங்குத்து டக்டஸுக்குத் தொடை வழியைவிட கழுத்துத் தமனியோ அக்குள் தமனியோ நேர் வழி.

பிறகு வருவது பராமரிப்பு. ஸ்டென்ட்டுக்குள் உள்சதை வளர்ந்து ஆக்சிஜன் அளவு குறைவது சகஜம்; பலூனால் விரிக்கவோ இன்னொரு ஸ்டென்ட் வைக்கவோ நேரலாம். மறு சிகிச்சை ஷன்ட்டைவிட இதில் அதிகம் என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டிலுமே ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தியால் நீர் வற்றினால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடலாம். வழக்கமாக 75 முதல் 85 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் திடீரென இறங்கினால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

டக்டஸ் மிகவும் சுருண்டிருந்தாலோ, அது சேரும் இடத்தில் கிளைத் தமனி ஏற்கெனவே குறுகியிருந்தாலோ ஷன்ட்டே சரி. அங்கேயே தமனியையும் அகலப்படுத்தித் தைத்துவிடலாம்.