மொட்டைத் தலைப் படங்களை எங்கே போடுவது?

பினாங்குத் தண்ணீர்மலையில் அண்ணன் மகனுக்கு முடியிறக்கிய படங்களை ஃபேஸ்புக்கில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஈப்போ அத்தையின் வாழ்த்து வந்துவிட்டது. அந்த வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் ஃபேஸ்புக் படத்தைச் சுருக்கித்தான் வைக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தின் விரல் தடம் கலங்கிப் போகிறது. நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும், யார் எடுத்து யாருக்கு அனுப்புவார்களோ!

2004இல் வந்த ஃபிளிக்கர் என்ற படத் தளத்தில் குடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டலாம், ஆல்பமாக அடுக்கலாம். இலவசக் கணக்கில் 1,000 படம்தான். கூகுள் ஃபோட்டோஸில் 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் அதற்குள்ளேயே அடங்கும். படத்தை எடுத்த தரத்திலேயே வைக்கலாம்.

லிங்க் அனுப்பினால் அத்தைக்குத் திறக்கத் தெரியாது. சரி, வாழ்த்துக்கு ஒரே படம் ஃபேஸ்புக்கில், அதுவும் முகம் தெரியாதது. மீதியெல்லாம் ஆல்பத்தில்தான். அத்தைக்கு நேரில் போய் நானே திறந்து காட்டுகிறேன்.