ஸ்கிரிப்ட்ரீப்ளே: பைட் கணக்கு தப்பாதவரை நம்பலாம்

லினக்ஸில் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் திரை) அமர்வைப் பதிவுசெய்ய ஸ்கிரிப்ட், அதை மறுபடி ஓட்ட ஸ்கிரிப்ட்ரீப்ளே, யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வரும் இந்த இரண்டு கருவிகளே போதும். வழக்கமாகத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் "பிளேபேக் சொதப்புகிறது" என்ற புகார் ஓயாமல் வருகிறது. பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை, பதிவுக் கோப்பில் கை வைத்ததில் இருக்கிறது.

திரையில் வந்ததைச் சேமிக்கும் பதிவுக் கோப்போடு, நேரக் கணக்கைச் சேமிக்கும் டைமிங் கோப்பும் உண்டு. அதன் பழைய வடிவில் ஒவ்வொரு வரியிலும் இரண்டே எண்கள்: எத்தனை வினாடி பொறுக்க வேண்டும், பிறகு எத்தனை பைட் காட்ட வேண்டும். எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. பதிவில் தெரியும் 'ரகசியம்' என்ற சொல்லை மறைக்க ஐந்து நட்சத்திரக் குறி போட்டால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஆனால் அந்தச் சொல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 21 பைட். 16 பைட் குறைந்துபோனதால், அதற்குப் பின் வருவதெல்லாம் நேரத்துக்கு முன்பே திரையில் விழும். 21 நட்சத்திரம் போடுங்கள், ஓட்டம் பிசகாது. விண்டோஸ் பாணி வரிமுடிவை யூனிக்ஸ் பாணிக்கு மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் கருவியைப் பதிவுக் கோப்பில் ஓட்டுவது இதைவிட மோசம்: வரிக்கு ஒரு பைட் காணாமல் போகும். "ஸ்கிரிப்ட் ஸ்டார்ட்டட்" என்ற முதல் வரியையும் அழிக்காதீர்கள். ஸ்கிரிப்ட்ரீப்ளே முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். அது இல்லாவிட்டால் உண்மையான வரி ஒன்று பலியாகும்.

சரிபார்க்க எளிய வழி: ஆக் (awk) என்ற கட்டளையால் பழைய வடிவ டைமிங் கோப்பின் இரண்டாம் நெடுவரிசை எண்களைக் கூட்டுங்கள். பதிவுக் கோப்பின் அளவிலிருந்து முதல் வரியையும், கடைசி "ஸ்கிரிப்ட் டன்" வரியையும் அதற்கு முந்தைய வரிமுறிவையும் கழித்தால் அதே எண் வர வேண்டும்.

வரிகள் மடங்கி, விம் (உரைத் திருத்தி) திரை சிதறினால் காரணம் ஜன்னல் அகலம். புதிய பதிப்புகளில் பதிவின் தலைவரியிலேயே காலம்ஸ் (அகலம்), லைன்ஸ் (உயரம்) எண்கள் இருக்கின்றன. ஆனால் ஜன்னலை அந்த அளவுக்கு மாற்றுவது நம் வேலைதான். இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். எண் கையில் இருக்கும்போது ஓர் எச்சரிக்கையாவது காட்டலாமே! பாதியில் நிறுத்தித் திரை அலங்கோலமானால் ரீசெட் என்ற கட்டளையைத் தட்டினால் போதும்.

நீண்ட மௌனங்களைச் சுருக்க, ஓட்டத்தின் வேகத்தை மாற்றும் டிவைசர் ஆப்ஷன் வேண்டாம், அது வெளியீட்டையும் சேர்த்து விரட்டிவிடும். இடைவெளிக்கு உச்சவரம்பு வைக்கும் மேக்ஸ்டிலே ஆப்ஷனை 1 என்று கொடுத்தால் தேநீர் இடைவேளை ஒரு வினாடியாகச் சுருங்கும், தட்டச்சின் இயல்பான வேகம் அப்படியே நிற்கும்.

பதிவுசெய்யும்போது, வெளியீட்டை உடனுக்குடன் கோப்பில் எழுதும் ஃப்ளஷ் ஆப்ஷனை மறக்காதீர்கள். அது இல்லாமல் இயந்திரம் நின்றுபோனால் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) இருந்த கடைசிப் பகுதி போனதுதான்.